எடை கூடிய பெட்டி

பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் அவர் வீட்டை விட்டு இறங்கியதே இல்லை. முதல் இழுப்பு பூட்டுக்கு. இரண்டாவது மனசுக்கு. மூன்றாவது எதற்கென்று அவருக்கே தெரியாது.

கடைத்தெருவில் எடை மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். மற்ற பழுதுக்காரர்கள் படிக்கல்லை ஒரு முறை வைத்து, எண் சரியாக வந்தால் மூடியைத் திருகிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மூன்று முறை வைத்து எடுப்பார். கடைக்காரர்கள் இவருக்கு 'மூணுதடவை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சிரித்தாலும், எடையில் தகராறு என்று வந்தால் இவரைத்தான் தேடி வருவார்கள்.

பிறவியிலேயே பயந்த சுபாவம். இடி இடித்தால் பயம், தபால்காரர் கதவைத் தட்டினால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அந்தப் பயங்களையெல்லாம் இருபத்தாறு வருஷமாக ஒரே ஒரு குரல்தான் அதட்டி அடக்கி வைத்திருந்தது. அவர் மனைவியின் குரல்.

அந்தக் குரல் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. பஸ் நிலையத்தின் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, "பயணிகள் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் ஓடுகிறவன் நிற்பான். அழுகிற குழந்தை அண்ணாந்து பார்க்கும். அவள் முகம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர் யார்?

பாழாய்ப்போன கட்டி, உடம்பில் வேறு இடமே கிடைக்காதது போல அந்தத் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

"குரல்வளையை முழுசா எடுத்தாகணும். உயிருக்கு நான் பொறுப்பு, குரலுக்கு இல்லை" என்றார் டாக்டர். கணவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள்தான் கேட்டாள்: "எப்ப டாக்டர்?" மூன்றே வார்த்தைகள்... இல்லை, இரண்டே வார்த்தைகள். அதைக்கூட அன்று அவரால் எண்ண முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் ஒரு வழி சொன்னாள். அறுவை சிகிச்சைக்கு முன்னால், கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் காட்டுகிற வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பதிய வேண்டும். மொத்தம் ஆயிரத்து அறுநூறு. அவற்றை வைத்து அதே குரலைச் செயற்கையாகக் கட்டித் தருவார்கள். பிறகு அவள் போனில் எழுத்தைத் தட்டினால், போன் அவள் குரலில் பேசும்.

"குறைஞ்சது ஆயிரத்து ஐந்நூறு தேறணும் சார். அதுக்குக் கீழே போனா குரல் ஒட்டாது. ஒரே மைக், ஒரே அறை, ஒரே மென்பொருள். பாதியில மாத்தக்கூடாது. ஒரு நாளைக்கு நூத்திருபதுக்கு மேல வேண்டாம், தொண்டை தாங்காது."

மென்பொருள் இலவசம். ஆனால் ஒரே ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஆஸ்பத்திரியில் அந்த மாதிரி ஒன்று இருந்தது. அதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். நல்லவேளையாக மனைவியின் தம்பி, கப்பலில் வேலை பார்ப்பவன், தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதே கம்பெனி. இருவரும் அதை முன்னறையில் வைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பதிய ஆரம்பித்தார்கள்.

ஆயிரத்து நூற்று எண்பதாவது வாக்கியத்தில் திரையில் பச்சைக் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. அப்புறம் இருட்டு.

அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்கள் மாலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

பழுது பார்க்கும் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். பதிந்தவை தனி டிஸ்கில் பத்திரமாக இருந்தன. திறக்கத்தான் பெட்டி இல்லை. அதே கம்பெனியின் புதுப் பெட்டியை அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். துறைமுகத்தில் நின்ற கப்பலுக்குப் போன் போட்டார்.

மச்சான் பதறவில்லை. "அத்தான், பயப்படாதீங்க. வேற வழி ஒண்ணு இருக்கு. சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டர், பழசு, செகண்ட்ஹேண்ட்ல வாங்குங்க. அதுலயே அந்தக் கம்பெனியோட சிஸ்டத்தை ஏத்திடலாம். போன லீவுல நான் பொழுதுபோகாம செஞ்சு வச்ச பென் டிரைவ் அக்கா அலமாரியில இருக்கு."

"அது... அனுமதி உள்ள வேலையா?"

"தன் பெட்டியிலதான் ஓடணும்னு கம்பெனி எழுதி வச்சிருக்கான். அவனுக்குப் பிடிக்காது. ஆனா ஓடும்."

போனை வைத்ததும் மனைவியைப் பார்த்தார். "போலீஸ் வந்தா?"

"வந்தா போங்க" என்றாள் அவள், கரகரத்த குரலில். "ஜெயில்ல போட்டாலும் அந்தப் பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்த்துட்டுதான் படுப்பீங்க. அவங்களுக்கும் ஒரு பாதுகாப்பு."

புதன்கிழமை காலை மச்சான் மறுபடி பேசினான். கப்பல் அன்று மாலை கிளம்புகிறது. கரை தெரியும்வரை ஐந்து நாளைக்குப் போன் எடுக்காது. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். அவர் எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"அந்தக் கம்பெனிக்காரன் தன் பெட்டியில எந்தப் பாகத்தைப் போட்டானோ, அதே பாகம் நம்ம பெட்டியில இருந்தா, சொந்தக்காரங்கன்னு நினைச்சு சிஸ்டம் உள்ள வந்துடும். தெரியாத ஆளு ஒருத்தன் இருந்தாலும் வாசல்லயே நின்னுடும். அதனால பிராசஸர் எட்டாம் தலைமுறை, இல்லைன்னா ஒன்பது. எண்ணுக்குப் பின்னாடி எஃப்னு எழுத்து இருந்தா வேண்டவே வேண்டாம். படம் காட்டுற பகுதி உள்ளேயே இருக்கணும், எஃப் போட்டதுல அது இருக்காது. பழைய ஆபீஸ்காரன் வச்ச பாஸ்வேர்டு பூட்டு இருக்கக்கூடாது. இன்டர்நெட்டுக்கு வயர் போதும். முக்கியமா அத்தான், கடைக்காரன் எதைப் புதுசுன்னு சொல்றானோ அதைத் தொடாதீங்க. இந்த வேலையில புதுசுதான் எதிரி."

பழைய கம்ப்யூட்டர் கடை ஒரு குறுகலான மாடியில் இருந்தது. ஏதோ ஆபீஸ் காலி செய்த பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கடைக்காரர் வாயில் எப்போதும் இரண்டு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டே பேசுவார். ஸ்குரூ அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

முதல் பெட்டியைத் திறக்கச் சொன்னார் நம்மவர். விசிறியைக் கழற்றி, பசையைத் துடைத்து, பிராசஸர் மேலிருந்த பொடி எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். எஃப். வெளியே ஒட்டியிருந்த சீட்டில் அந்த எழுத்தே இல்லை! அவர் தொழிலிலும் அப்படித்தான். மெஷினின் முகத்தில் எழுதியிருப்பதை அவர் நம்பியதில்லை. கவிழ்த்துப் போட்டு அடித்தகட்டைப் படித்த பிறகுதான் கை வைப்பார்.

இரண்டாவது பெட்டி, பாஸ்வேர்டு கேட்டது. ஒதுக்கினார். மூன்றாவதைத் திறந்தார், படித்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அண்ணே, பெட்டி பார்க்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றார் ஸ்குரூ அண்ணன். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள்.

மூன்றாவது பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தது. எஃப் இல்லை, பூட்டு இல்லை, தனியாகப் படக் கார்டு எதுவும் இல்லை. திரையின் வயரைப் பெட்டியின் கீழ்த்துளையில் செருகினார், வெளிச்சம் வந்தது. அப்போதுதான் அவர் பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்துப் பெட்டியைக் கயிற்றில் மாட்டித் தூக்கினார். எதை வாங்கினாலும் எடை பார்த்து எழுதிக்கொள்வது அவர் பழக்கம். ஏழு கிலோ நூற்றுப்பத்து.

"அட, கம்ப்யூட்டரை கிலோ கணக்குல வாங்குற முதல் ஆளு நீங்கதான்!" கடையே குலுங்கியது.

அவமானத்தில் காது சிவக்க, அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். மனைவி யார், தொண்டையில் என்ன, திங்கட்கிழமை என்ன. சிரிப்பு சட்டென்று நின்றது. ஸ்குரூ அண்ணன் வாயிலிருந்த ஸ்குரூக்களைக் கையில் துப்பிக்கொண்டார்.

"அந்த அம்மாவா? பஸ் ஸ்டாண்டு அம்மாவா?" "ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்கண்ணே. தூசி தட்டி, சுத்தம் பண்ணி, மாப்பிள்ளை மாதிரி தரேன்."

இரண்டு மணி நேரம் கழித்துப் போனார். பெட்டி பளபளவென்று கட்டி வைக்கப்பட்டிருந்தது. பழக்க தோஷத்தில் கை கட்டை அவிழ்க்கப் போனது.

"மறுபடியுமா?" என்றார் ஒரு வாடிக்கையாளர். "கட்டின பொண்டாட்டியைக்கூட இப்படிச் சந்தேகப்பட மாட்டாங்க சார்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, மூன்றாவது தடவை பார்க்காமல் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விதி எப்போது கண்ணைக் கட்டும் என்று யாருக்குத் தெரியும்!

வியாழக்கிழமை காலை பென் டிரைவைச் செருகினார். பெட்டியின் பின்னால் கீழ்த்துளை மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'இதில் போட வேண்டாம்.' மேலே இன்னொரு துளையைப் பார்த்து அம்புக்குறி. விவரம் தெரிந்தவர் சொல்கிறார் என்று திரையின் வயரை மேல்துளையிலேயே செருகினார். திரையில் கம்பெனியின் சின்னம் வந்தது. மனைவி கைகூப்பினாள். அடியில் ஒரு கோடு மெல்ல மெல்ல வளர்ந்தது. பாதி தூரம் போனது.

இருட்டு.

மறுபடி. கோடு பாதி. இருட்டு. மறுபடி. மறுபடி. அன்று முழுக்கப் பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் கோடு வளரும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அணையும்போது, அணைவது திரை என்று அவருக்குத் தோன்றவில்லை. கப்பலுக்குப் போன் போட்டால் ஏதோ ஒரு பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எந்தப் பெண்ணோ, எந்த ஊரோ. அவள் குரலெல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்று அவருக்கு அழுகை வந்தது.

"விடுங்க" என்றாள் மனைவி. "இல்லைன்னா எழுதிக் காட்டிக்கறேன். என் கையெழுத்துதான் உங்களுக்குப் புரியாது, அது வேற கஷ்டம்."

அவர் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையின் கடைசியில் குரல் உடைந்ததை மட்டும் கேட்டார். நேற்று இருந்த குரல் இன்று இல்லை. நாளை?

வெள்ளிக்கிழமை காலை. பதிய முடியாத இன்னொரு நாள் விடிந்துவிட்டது. அவர் பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனசுக்குள் ஒரு புழு நெளிந்தது. இது நான் பார்த்த பெட்டிதானா? ஸ்குரூ அண்ணன் மாற்றிக் கொடுத்துவிட்டாரா? ஏமாற்றுகிற முகமாகத் தெரியவில்லையே. ஆனால் முகத்தைப் படித்து அவர் எந்த மெஷினுக்கு முத்திரை வைத்தார்?

எழுந்து கொக்கித் தராசை எடுத்தார். பெட்டியைக் கட்டித் தூக்கினார்.

ஏழு கிலோ எண்ணூற்று நாற்பது.

இறக்கி வைத்தார். மறுபடி தூக்கினார். எண்ணூற்று நாற்பது. சோதனைக்கல்லை மாட்டித் தராசைச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் முறை தூக்கினார். அதே எண்.

அவர் தொழிலில் எடை குறைந்தால் திருட்டு. அது அவருக்குத் தெரியும். ஆனால் எடை கூடினால்? தூசி தட்டிய பெட்டி எழுநூற்று முப்பது கிராம் கூடியிருக்கிறது. திருடன் எங்கேயாவது வைத்துவிட்டுப் போவானா?

"இந்தாம்மா! உள்ள யாரோ இருக்காங்க!" என்று கத்திவிட்டார்.

"பெட்டிக்குள்ளயா? குடி வந்துட்டாங்களா?"

மூடியைத் திறந்தார். உள்ளே, நேற்றுமுன்தினம் வெறுமையாக இருந்த இடத்தில், இரண்டு விசிறியும் சிவப்பு விளக்குமாக, கனமான ஒரு புத்தம்புதிய படக் கார்டு உட்கார்ந்திருந்தது. மேலே அம்புக்குறி காட்டிய துளை அதனுடையதுதான். அவருக்கு மச்சான் குரல் காதில் கேட்டது. தெரியாத ஆளு ஒருத்தன் இருந்தாலும் வாசல்லயே நின்னுடும்.

கார்டின் ஓரத்துக் கொக்கியை அமுக்கிப் பிடுங்கினார். கீழ்த்துளையில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தார். வயரை அதில் செருகினார். விரல் பொத்தான் மேல் போய் நின்றது, அமுக்கப் பயம். அவள்தான் வந்து, அவர் விரல் மேல் தன் விரலை வைத்து அமுக்கினாள்.

சின்னம். கோடு. கால்பங்கு. பாதி. பாதியிலேயே நின்றது. ஒரு யுகம் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு கோடு நகர்ந்தது. முக்கால். முழுசு. திரை வெளுத்து, 'வருக' என்று பல மொழிகளில் மாறி மாறி எழுதியது.

அவர் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் அவர் தலையில் தட்டினாள். "அழுகையெல்லாம் அப்புறம். போர்வையைக் கட்டுங்க. பஸ் கிளம்பியாச்சு."

மென்பொருளை ஏற்றி, டிஸ்கைச் செருகியதும் பழைய ஆயிரத்து நூற்று எண்பதும் வரிசையாக வந்து நின்றன. அன்று பிற்பகல் எழுபது பதிந்தார்கள். இடையில் திரையின் மூலையில் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. புதுசுதான் எதிரி! இன்டர்நெட் வயரைப் பிடுங்கி, சுருட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

மாலையில் கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை. ஆனால் துணியைப் பிரித்ததுமே ஸ்குரூ அண்ணன் முகம் விழுந்துவிட்டது.

"ஏண்ணே, நல்லா இல்லையா? என் சொந்த மெஷின்ல இருந்து கழட்டிப் போட்டேன். கடையிலேயே அதுதான் பெஸ்ட்டு."

"இதால ரெண்டு நாள் போச்சு" என்றார் இவர். "எனக்கு இருந்ததே ஆறு நாள்."

விஷயம் புரிந்தபோது அந்த மனிதர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். "பதினஞ்சு வருஷமா அந்தக் குரல் சொல்லித்தான் நான் சரியான பஸ்ல ஏறியிருக்கேன். ஏதாவது செய்யணும்னு தோணிச்சு. சொன்னா வேண்டாம்பீங்கன்னு சொல்லாம போட்டேன். பாவி, நானே அந்த அம்மா வாயை மூடப் பார்த்தேனே!"

இவர் தயங்கி, அவர் தோளில் கை வைத்தார். கோபப்படத் தெரியாதவரால் வேறென்ன செய்ய முடியும்?

சனி, ஞாயிறு, திங்கள் காலை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அவர் மின்விசிறியை நிறுத்தி, கடிகாரத்தை அடுத்த அறைக்குக் கொண்டுபோய், வெளியே ஹாரன் அடித்தால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்சாரம் போய்விடுமோ, திரை இருண்டுவிடுமோ, அவள் இருமலில் ரத்தம் வந்துவிடுமோ. திங்கள் பதினொரு மணிக்கு எண் ஆயிரத்து ஐந்நூற்று இரண்டைத் தொட்டது.

"நீங்க போய்த் தேன் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. பத்து வாக்கியம்..."

"தேன்" என்றாள். அவர் போனார்.

திரும்பி வந்தபோது போர்வை அவிழ்ந்திருந்தது, ஆஸ்பத்திரிக்கான துணிப்பை கட்டியிருந்தது, அவள் புடவை மாற்றியிருந்தாள். திரையில் எண் மட்டும் அதே ஆயிரத்து ஐந்நூற்று இரண்டு. ஒன்றுகூட ஏறவில்லை. பதிந்தது சேமிப்பாகாமல் போய்விட்டதா? பெட்டி சொதப்பிவிட்டதா? கேட்கப் பயந்து கேட்கவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு சொல்லையும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டார்.

உயிர் தங்கியது. டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை, இரண்டிலும்.

ஐந்து வாரம் வீடு ஊமையாகக் கிடந்தது. அவள் சிலேட்டில் எழுதுவாள். கையெழுத்து அவருக்குப் புரியாது. அவள் தலையில் அடித்துக்கொள்வாள். பாத்திரம் விழும் சத்தம்கூட அவருக்கு ஆறுதலாக இருந்தது. ஆறாவது வாரம் பயிற்சிப் பெண், கட்டி முடித்த குரலை அவள் போனில் ஏற்றித் தந்தாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை அவரிடம் காட்டவில்லை. அதுதான் அவரை வதைத்தது. குரல் ஒட்டவில்லையோ? அந்த இரண்டு நாளில் தேய்ந்தது, தேய்ந்ததுதானோ?

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அவர் கதவைப் பூட்டினார். ஒரு முறை இழுத்தார்.

"பூட்டிட்டீங்க" என்றது பின்னால் ஒரு குரல்.

அவர் முதுகு விறைத்தது. திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுமோ என்ற பயம். மெல்ல இரண்டாவது முறை இழுத்தார்.

"பூட்டிட்டீங்கன்னு சொல்றேன்ல?"

கட்டிய குரல் அல்ல அது. கரகரப்பும் மூச்சும் குறும்புமாக, திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவரைத் தேனுக்கு அனுப்பிவிட்டு அவள் தனியாகப் போனிலேயே பதிந்து வைத்த, அவளே! கண்ணீர் பூட்டை மறைத்தது. தடவிப் பிடித்து மூன்றாவது முறை இழுத்தார்.

"மூணும் ஆச்சா? பயணிகள் கவனத்திற்கு, பயப்படற பயணி ஒருத்தருக்காக பஸ் நிக்காது. வாங்க."

அவர் நாலாவது முறை இழுத்தார்.

பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தார். கழுத்தில் கட்டோடு அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலாவதற்கு அவள் ஒன்றும் பதிந்து வைக்கவில்லை.